தறிச் சத்தத்தை மிஞ்சிய ஃபேன்

சோமனூரில் விசைத்தறி ஓசையிலேயே தூங்கிப் பழகியவன் நான். எனக்கே அந்த ரெடிமேட் கம்ப்யூட்டரின் கிராஃபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் தரும் அட்டை) 'ஙொய்'யென்று கத்தியது தாங்கவில்லை. வேறு கார்டு போடலாமென்று மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பவர் சப்ளை 240 வாட்தான், கார்டுக்கென்று தனி ஒயரும் இல்லை.

"பவர் சப்ளையையும் மாத்திக்கலாமுங்க" என்றார் கோவைக் கடைக்காரர். அது நடக்காது, இந்த ரெடிமேட் கம்ப்யூட்டரில் பவர் சப்ளையை மதர்போர்டில் செருகும் பிளக்கே வேறு மாதிரி.

சரி, கார்டைச் செருகும் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டைத் தேடினேன். கிடைத்தது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மெமரி: 70 வாட். அதே பெயரில் வரும் 8 ஜிபி கார்டு 130 வாட் வரை இழுக்கும், பெட்டியைப் பார்த்து வாங்குங்கள். கேஸுக்குள் ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு, இரட்டை ஃபேன் உள்ளதாக எடுத்தேன். சின்ன ஒற்றை ஃபேன்தான் வேகமாகச் சுற்றிக் கத்தும். இப்போது கேட்பது பக்கத்து வீட்டுத் தறி மட்டும்தான்.