பவர் விண்டோ மோட்டார்: கழற்றும் முன்பும் மாட்டிய பின்பும்

கார் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டால் பலரும் முதலில் விசாரிப்பது மோட்டார் விலையைத்தான். மோட்டாரைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும். ஃபியூஸ், சுவிட்ச், கதவு மடிப்பில் போகும் வயர், கண்ணாடி ஓடும் ரப்பர் பீடிங், கேபிள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அதற்கு வரலாம். இந்தப் பதிவும் அந்த வரிசையில்தான் போகிறது. வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையும் கையில் இருந்தால், இதுவரை கதவைப் பிரித்தே பார்க்காதவரும் செய்துவிடலாம்.

கண்ணாடி ஏறி இறங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து டோர் பேடை (கதவின் உட்பக்க மூடியை) மாட்டிவிடுகிறோம். நடுவில் ஒரு குழந்தையின் கை இருந்தால் அந்தக் கண்ணாடி நிற்குமா, திரும்புமா, இல்லை அழுத்திக்கொண்டே போகுமா? இது தெரியாமல் சாவியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே பதிவில் கணிசமான பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கதவுக்குள் இருப்பவை

உள்ளே ஒரு 12 வோல்ட் டி.சி. மோட்டார். அது வேகமாகச் சுற்றும். அதன் தண்டில் உள்ள வார்ம் கியர் அந்த வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும். வார்ம் கியருக்கு இன்னொரு குணமும் உண்டு. மோட்டார் சுற்றினால் கண்ணாடி நகரும், ஆனால் கண்ணாடியைக் கையால் அழுத்தினால் மோட்டார் சுற்றாது. மூடிய கண்ணாடியை வெளியிலிருந்து யாரும் தள்ளி இறக்க முடியாததற்கு இதுதான் காரணம். சிக்கிய கையை உருவி எடுக்க முடியாததற்கும் இதே காரணம். சுவிட்சைக் கீழ்ப்பக்கம் அழுத்தினால்தான் விடும்.

மோட்டாருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருப்பது ரெகுலேட்டர். இதில் இரண்டு வகை. கேபிள் வகையில் ஒரு டிரம், அதில் சுற்றிய மெல்லிய எஃகு கேபிள், பிளாஸ்டிக் கப்பிகள், கண்ணாடியைப் பிடிக்கும் கிளிப் ஆகியவை இருக்கும். இன்றைய சின்ன கார்கள் பலவற்றில் இதுதான். கத்தரி வகையில் இரும்புக் கைகள், பல் வெட்டிய ஒரு தகடு, கண்ணாடியின் எடையைத் தாங்கும் ஒரு சுருள் ஸ்பிரிங் இருக்கும். எந்த வகை என்று தெரியாமல் ஒரு போல்ட்டையும் கழற்ற வேண்டாம். ஏன் என்று பிறகு வருகிறது.

சாதாரண மோட்டாருக்கு இரண்டே வயர்தான். சுவிட்சைத் தொடாதபோது இரண்டும் எர்த்தில் இருக்கும். மேலே இழுத்தால் ஒன்றுக்கு 12 வோல்ட் வரும், கீழே அழுத்தினால் மற்றதற்கு வரும். பல கார்களில் மற்ற மூன்று கதவுகளின் எர்த், டிரைவர் கதவிலுள்ள மாஸ்டர் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது. பின்கதவுக் கண்ணாடி ஓடாததற்கு டிரைவர் கதவு காரணமாக இருப்பது இதனால்தான்.

படி 1: பிரிக்காமல் கண்டுபிடியுங்கள்

நான்கு கண்ணாடியும் ஓடவில்லையா? ஃபியூஸையும் ரிலேவையும் பாருங்கள். டிரைவர் கண்ணாடி மட்டும் ஓடுகிறது, மற்ற மூன்றும் ஓடவில்லை என்றால் முதலில் விண்டோ லாக் பட்டனைப் பாருங்கள். யாரோ தெரியாமல் அழுத்தியிருப்பார்கள். இதற்காகவே ஒர்க்‌ஷாப் வரை போய் வந்தவர்கள் உண்டு. ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியர் ஃபியூஸைத்தான் போட வேண்டும். பெரிதாகப் போட்டால் அடுத்த முறை எரிவது வயராக இருக்கும்.

ஒரே ஒரு கண்ணாடிதான் பிரச்சினை என்றால், கதவில் காதை வைத்துக்கொண்டு சுவிட்சை அழுத்துங்கள். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி நகரவில்லை என்றால் கேபிள் அறுந்திருக்கும், அல்லது கியர் பல் தேய்ந்திருக்கும். கட கட என்று நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தால் பெரும்பாலும் கேபிள் டிரம்மில் சிக்கியிருக்கும், மேற்கொண்டு அழுத்தாதீர்கள். கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால் கிளிப் உடைந்திருக்கலாம். மெதுவாக, முனகிக்கொண்டு ஏறினால் பீடிங் காய்ந்திருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நம் ஊர் வெயிலும் தூசியும் ரப்பரைச் சொரசொரப்பாக்கிவிடும். பீடிங்கின் உள்பள்ளத்தை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் சிலிக்கான் ஸ்ப்ரே அடித்துப் பாருங்கள். செலவு அதோடு முடிந்துவிடலாம். இன்ஜின் ஆயிலோ கிரீஸோ ரப்பரில் படவே கூடாது, உப்பிப்போய் இன்னும் இறுக்கிவிடும்.

பலமுறை ஏற்றி இறக்கியபின் ஒரேயடியாக நின்று, சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓடினால் அது பழுதல்ல. மோட்டார் சூடானதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. குறைந்த ஓட்டத்திலேயே இப்படி நின்றால் மட்டும், எங்கோ இறுக்கம் இருக்கிறது என்று பொருள்.

சத்தமே இல்லாவிட்டால் ஒருவர் சுவிட்சை அழுத்திப் பிடிக்க, நீங்கள் கதவின் அடிப்பகுதியைக் கையால் தட்டுங்கள். ஒரு தட்டில் ஓடினால் மோட்டாரின் கார்பன் (உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) தேய்ந்திருக்கிறது.

படி 2: கதவு மடிப்பு வயர்

கதவுக்கும் பாடிக்கும் நடுவில், கீல் பக்கம், மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் குழாய் தெரியும். அதன் ஒரு முனையை மெதுவாகக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளுங்கள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் இந்த வயர்கள் மடிந்து நிமிர்கின்றன. டிரைவர் கதவில் இது அதிகம். மேலுறை வெடித்து, உள்ளே செம்பு இழைகள் பச்சை பூத்துக் கிடக்கும். சில வயர்கள் வெளியே முழுதாகத் தெரியும், உள்ளே அறுந்திருக்கும். ஒவ்வொன்றையும் இரு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். அறுந்தது ரப்பர்போல நீளும். முறுக்கி டேப் சுற்றுவது இங்கே நிற்காது. அதே கனமுள்ள புது வயரைக் கொஞ்சம் நீளமாகச் சேர்த்து, சால்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். சேர்ப்பு இடம் மடிப்புக்கு வெளியே வர வேண்டும்.

படி 3: டோர் பேடைக் கழற்றுதல்

இங்கிருந்து காயம் படக்கூடிய வேலை. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி, சில நிமிடங்கள் விடுங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் கதவுக்குள் மோதல் சென்சார் இருக்கலாம். மஞ்சள் நிற கப்ளரோ (வயர்களைச் சேர்க்கும் பிளக்) மஞ்சள் உறை போட்ட வயரோ கண்ணில் பட்டால் அதைப் பிரிக்காதீர்கள், மீட்டர் வைத்துச் சோதிக்கவும் வேண்டாம். கதவிலேயே ஏர்பேக் வைத்த கார் என்றால் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

கைப்பிடிக் குழிக்குள்ளும் திறப்பான் பின்னாலும் மூடி போட்டு மறைத்த ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றைக் கழற்றியபின், பிளாஸ்டிக் நெம்புகோலை அடி ஓரத்தில் விட்டு ஒவ்வொரு கிளிப்பாக விடுவியுங்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் பெயின்டைக் கீறிவிடும். பேடைப் பிடுங்கி இழுக்காதீர்கள். பின்னால் சுவிட்ச் கப்ளரும் திறப்பான் கேபிளும் தொங்கிக்கொண்டிருக்கும்.

அடுத்து வருவது கறுப்புப் பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் ஷீட். கிழிக்காமல் உரித்து மடித்து வையுங்கள். மழைநீர் கதவுக்குள் இறங்கி அடித்துளை வழியாக வெளியேறும். அந்த நீரைக் காருக்குள் விடாமல் தடுப்பது இந்த ஷீட்தான்.

படி 4: மோட்டார் வரை மின்சாரம் வருகிறதா

பேட்டரியை மீண்டும் இணைத்து, சுவிட்ச் கப்ளரை மாட்டி, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். மோட்டார் கப்ளரில் மீட்டரின் இரு முனைகளையும் வைத்து, ஒருவரைச் சுவிட்சை மேலும் கீழும் அழுத்தச் சொல்லுங்கள். மேலே ஒரு குறியிலும் (பிளஸ் அல்லது மைனஸ்), கீழே அதற்கு நேர்மாறான குறியிலும் ஏறக்குறைய 12 வோல்ட் வந்தால், சுவிட்சும் வயரும் சரி. வரவில்லை என்றால் மோட்டாரை விட்டுவிட்டுச் சுவிட்சுக்குப் போங்கள். கப்ளர் மாட்டிய நிலையிலும் ஒரு தடவை பாருங்கள். மோட்டார் இழுக்கும்போது பேட்டரியைவிட 2 வோல்ட்டுக்கு மேல் குறைந்தால், சுவிட்ச் காண்டாக்ட் கருகியிருக்கும் அல்லது எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கும்.

மோட்டாருக்கு நேரடியாகப் பேட்டரி கொடுத்துச் சோதிப்பதானால், அந்த வயரில் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். இரண்டு வயர் மோட்டாருக்கு மட்டும்தான் இது. ஒரே இழுப்பில் தானாக முழுக்க ஏறும் கண்ணாடியின் மோட்டாரில் கூடுதல் வயர்களும் பெரும்பாலும் ஒரு சின்ன சர்க்யூட் போர்டும் இருக்கும். நேரடி மின்சாரம் கொடுத்தால் போர்டு போய்விடும்.

படி 5: கழற்றுதல், விரல் ஜாக்கிரதை

கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றி, அகலமான டேப்பைக் கதவுச் சட்டத்தின் மேலாக உள்ளிருந்து வெளிவரை பல இடங்களில் ஒட்டுங்கள். ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிறகு பேட்டரியை மறுபடி கழற்றிவிடுங்கள். கதவுக் கண்ணாடி பெரும்பாலும் டெம்பர்டு வகை. முகப்பில் பலமாகத் தாங்கும், ஓரத்தில் ஒரு சின்ன அடி பட்டாலே மொத்தமும் துகளாகக் கொட்டிவிடும். கதவின் உள்தகட்டு ஓரங்கள் கத்தியாக இருக்கும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் போடாமல் கையை உள்ளே விடாதீர்கள்.

கேபிள் வகை என்றால் கிளிப்பிலிருந்து கண்ணாடியை விடுவித்து, ரெகுலேட்டர் போல்ட்டுகளைக் கழற்றி, மோட்டாரோடு மொத்தமாகத் துளை வழியே வெளியே எடுத்துவிடலாம்.

கத்தரி வகையில்தான் ஆபத்து. அதிலுள்ள சுருள் ஸ்பிரிங் எப்போதும் இரும்புக் கைகளை விரிக்கவே முயன்றுகொண்டிருக்கும். அதைத் தடுத்து நிறுத்தியிருப்பது மோட்டாரின் வார்ம் கியர் மட்டுமே. மோட்டாரைக் கழற்றிய கணத்தில் பல் தகடு மொத்த வேகத்தோடு சுழலும். நடுவில் இருப்பது விரல் என்றால் எலும்பு முறியும், துண்டிக்கவும் செய்யும். எனவே மோட்டாரைத் தொடும் முன்பே, பல் தகட்டையும் அடித்தகட்டையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு போல்ட் நட்டு போட்டு முடுக்கிவிட வேண்டும். சில ரெகுலேட்டர்களில் இதற்கான துளை ஏற்கெனவே இருக்கும். வெறும் கயிறோ பிளையரோ போதாது. முதல் முறை செய்பவர் இந்த வகையைத் தவிர்ப்பதே சரி. ஆட்டோ எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கும் கூலி, விரலுக்கு முன் பெரிதல்ல.

படி 6: மோட்டாரைப் பிரிப்பதா, மாற்றுவதா

பிரித்துப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பொடி கொட்டும். அது கார்பன் தேய்ந்த தூள். கார்பன் குட்டையாகி, பின்னாலுள்ள ஸ்பிரிங் அதைக் கம்யூட்டேட்டர்மேல் (தண்டிலுள்ள செம்பு வளையத்தின்மேல்) அழுத்த முடியாமல் நிற்கும். அளவான கார்பன் கிடைத்தால் மாற்றி, கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களில் சேர்ந்த தூளை எடுத்துவிட்டால் மோட்டார் மீண்டும் ஓடும். மூடியை மாட்டும்போது கவனம். உள்ளிருக்கும் காந்தம் ஆர்மேச்சரை (சுழலும் பகுதியை) வெடுக்கென்று இழுக்கும், விரல் நடுவில் இருக்கக் கூடாது. காந்தத்தைச் சுத்தியலால் தட்டினால் விரிசல் விட்டுவிடும். கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் முதல் மழைக்கே நீர் புகும்.

கியர் பல் போயிருந்தால், வெள்ளத்தில் மூழ்கித் துருப்பிடித்திருந்தால், மாற்றுவதுதான் மிச்சம். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய மோட்டார் வாங்குபவர்கள் இடது, வலது பார்த்து வாங்குங்கள். கடையிலேயே பேட்டரி கொடுத்து இரு பக்கமும் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள்.

படி 7: பேடை மாட்டும் முன் சோதனை

எல்லாவற்றையும் இணைத்து, கண்ணாடியைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்குங்கள். மோட்டார் மாற்றினாலோ பேட்டரியைப் பிரித்தாலோ, தானாக ஏறும் கண்ணாடி தன் மேல், கீழ் எல்லைகளை மறந்திருக்கும். பல கார்களில் முழுக்க மூடி, சுவிட்சைச் சில விநாடிகள் அப்படியே பிடித்தால் மீண்டும் கற்றுக்கொள்ளும். சரியான முறையை உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள். இதைச் செய்யாதவரை, தடை வந்தால் திரும்பும் வசதி வேலை செய்யாமல் போகலாம்.

பிறகு செய்தித்தாளை இறுக்கமாகச் சுருட்டி, பாதி திறந்த கண்ணாடியின் மேல் விளிம்புக்கும் சட்டத்துக்கும் நடுவில் நீட்டி, சுவிட்சை ஒரே இழுப்பில் இழுத்து விட்டுவிடுங்கள். தொட்டதும் நின்று இறங்க வேண்டும். கையை வைத்துச் சோதிக்கவே கூடாது. அமெரிக்காவின் எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 118 என்ற வாகனப் பாதுகாப்பு விதி, தானாக ஏறும் கண்ணாடிக்கு 100 நியூட்டன் வரம்பு வைத்திருக்கிறது. ஏறக்குறைய 10 கிலோ எடை அழுத்தும் விசை அது. அந்த அளவைத் தாண்டும் முன் கண்ணாடி திரும்பிவிட வேண்டும்.

நம் ஊரில் ஓடும் பல கார்களில் இந்த வசதி டிரைவர் கண்ணாடிக்கு மட்டுமே உண்டு. குழந்தைகள் உட்காரும் பின்கதவுகளில் இருக்காது. அங்கே சுவிட்சை விடும்வரை மோட்டார் தள்ளிக்கொண்டே இருக்கும். நான்கு கதவிலும் சுருட்டிய தாளை வைத்துப் பாருங்கள். எதெது திரும்புகிறது, எதெது கசக்குகிறது என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். மாற்றுச் சுவிட்ச் வாங்கும்போது, இழுத்தால் மட்டுமே மூடும் வகையைக் கேட்டு வாங்குங்கள். ஒரு முனையை அழுத்தினால் மூடும் பழைய வகையில், ஜன்னல் வழியே தலையை நீட்டிய குழந்தையின் முழங்கால் பட்டாலே கண்ணாடி ஏறிவிடும். கழுத்து நெரிந்து குழந்தைகள் இறந்த விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன.

குழந்தை பின்னால் இருக்கும்போது விண்டோ லாக் பட்டன் அழுந்தியே இருக்கட்டும். சாவியை அணைத்த பிறகும் சில கார்களில் கதவைத் திறக்கும்வரை கண்ணாடி ஓடும். உங்கள் கார் எப்படி என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியென்றால் ஷீட்டைப் பழைய பசை மேலேயே அழுத்தி ஒட்டி, பசை காய்ந்த இடத்தில் புதிதாக வைத்து, பேடை மாட்டுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு அந்தக் கதவுப் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.