64 ஜிபி பென்டிரைவில் 59.6 ஜிபிதான் காட்டுகிறதா? கணக்கு இதோ

முதன்முதலில் 64 ஜிபி பென்டிரைவ் வாங்கி விண்டோஸ் கணினியில் செருகியபோது, 60 கூடத் தேறவில்லை. நேராகக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் பேசாமல் வேறொன்றைப் பிரித்துச் செருகிக் காட்டினார். அதிலும் அதே எண். இந்தக் கணக்கு அன்றைக்கே தெரிந்திருந்தால் ஆட்டோ காசாவது மிஞ்சியிருக்கும்.

படி 1: பைட்டைக் கண்ணால் பாருங்கள்

கணினிக்குள் 0 அல்லது 1 என இருப்பது ஒரு பிட். 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். நோட்பேடைத் திறந்து ‘அம்மா’ என்று மட்டும் தட்டி, யுடிஎஃப்-8 (எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் ஒரு முறை) முறையில் சேமியுங்கள். கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போனால், சைஸ் என்ற இடத்தில் 15 பைட் என்று இருக்கும். நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கோ அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். (பழைய விண்டோஸில் 18 வந்தால் பயப்பட வேண்டாம். கோப்பின் தொடக்கத்தில் நோட்பேடே ஒட்டிவைக்கும் அடையாளக்குறிதான் அந்த மூன்று.) ஆங்கில எழுத்து என்றால் ஒன்றுக்கு ஒரு பைட் போதும்.

படி 2: ஏறினால் வகுத்தல், இறங்கினால் பெருக்கல்

பைட், கேபி, எம்பி, ஜிபி, டிபி. இதுதான் வரிசை. விண்டோஸ் கணக்கில் ஒவ்வொரு படிக்கும் 1024.

வேலைக்கான விண்ணப்பத்தில் ‘புகைப்படம் 50 கேபிக்குள்’ என்று கேட்கிறார்கள். போனில் எடுத்த படமோ 3.2 எம்பி. ஒரு படி இறங்க வேண்டும், எனவே பெருக்குங்கள்: 3.2 × 1024 = 3276.8 கேபி. அதை 50 ஆல் வகுத்தால் 65.5. அதாவது படத்தை அறுபத்தைந்து மடங்குக்கு மேல் சுருக்கியாக வேண்டும். ஓரத்தை வெட்டினால் மட்டும் இது நடக்காது. நீள அகலத்தையும் குறைக்க வேண்டும்.

படி 3: ஆயிரமா, 1024ஆ?

குழப்பமெல்லாம் இங்கேதான். பென்டிரைவ் செய்பவர்களுக்கு ஒரு ஜிபி என்றால் நூறு கோடி பைட், அதாவது ஆயிரம் ஆயிரமாக ஏறும் கணக்கு. விண்டோஸோ 1024ஐப் பிடித்துக்கொண்டு, அதற்கும் ஜிபி என்றே பெயர் போடுகிறது. எனவே,

64,00,00,00,000 ÷ 1024 ÷ 1024 ÷ 1024 = 59.6

ஃபார்மட் செய்யும்போது இதிலும் கொஞ்சம் போகும். ஆக, யாரும் ஏமாற்றவில்லை. அவசரத்துக்கு, அட்டையில் போட்ட ஜிபியை 0.931 ஆல் பெருக்குங்கள். 1 டிபி ஹார்ட் டிஸ்க் 931 ஜிபியாகத் தெரிவதும் இதனால்தான்.

1024 கணக்குக்கென்றே 1998இல் கிபிபைட், மெபிபைட், கிபிபைட் எனப் புதுப் பெயர்கள் வைத்தார்கள். முதலாவதும் மூன்றாவதும் தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே இருக்கின்றன, பாருங்கள்! நாம் 1024 என்றே சொல்லிக்கொள்வோம். மேக் கணினிகள் 2009 முதல் ஆயிரம் கணக்குக்கே மாறிவிட்டன. அதே பென்டிரைவை அங்கே செருகினால் 64ஐ ஒட்டியே காட்டும். பழைய 1.44 எம்பி ஃப்ளாப்பிதான் வேடிக்கை. அதன் கொள்ளளவு 1.44 × 1000 × 1024 பைட். இரண்டு கணக்கையும் கலந்து கட்டிவிட்டார்கள்.

படி 4: இணைய வேகம் என்றால் 8 ஆல் வகுங்கள்

இணைப்புத் திட்டங்களில் போடும் எம்பிபிஎஸ் (Mbps, நொடிக்கு இத்தனை மெகாபிட்) என்பது பிட் கணக்கு, பைட் அல்ல. 20 எம்பிபிஎஸ் என்றால் 20 ÷ 8 = நொடிக்கு 2.5 எம்பி. 700 எம்பி படம் இறங்க 700 ÷ 2.5 = 280 நொடி, அதாவது 4 நிமிடம் 40 நொடி. அதுவும் வீட்டில் வேறு யாரும் யூடியூப் பார்க்காமல் இருந்தால்.