மேசியானிய யூதர்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயேசுவை நம்புகிற ஒரு யூதரிடம் போய் "நீங்கள் எப்போது மதம் மாறினீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் கணக்கில் அவர் எங்கேயும் மாறவில்லை. யூத வீட்டில் பிறந்தவர், பையனுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்தவர், பஸ்கா பண்டிகைக்குப் புளிப்பில்லாத அப்பம் சாப்பிடுகிறவர், தன் ஜனத்துக்கு வாக்குப்பண்ணப்பட்ட மேசியா வந்துவிட்டார், அவர் பெயர் யெஷுவா (இயேசுவின் எபிரெயப் பெயர்) என்று நம்புகிறார், அவ்வளவுதான். எபிரெயத்தில் கிறிஸ்தவர்களை 'நோட்ஸ்ரிம்' என்பார்கள். அந்தச் சொல்லை இவர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்வதில்லை, 'மெஷிஹியிம்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள், அதாவது மேசியானியர். நியாயப்பிரமாணத்தை எவ்வளவு கைக்கொள்வது என்பதில் இவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. ஓய்வுநாளையும் உணவு விதிகளையும் கறாராகப் பார்க்கிறவர்களும் உண்டு, பண்டிகையோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் உண்டு.

சரி, அவர்கள் தங்களை யூதர் என்கிறார்கள், அப்படியென்றால் விஷயம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். யூதர் யார் என்ற கேள்விக்கு அந்த மனிதர் ஒரு பதில் சொல்வார், ரபிகள் என்கிற யூத மதகுருக்களின் சட்டம் ஒன்று சொல்லும், இஸ்ரேல் அரசு ஒன்று சொல்லும், யூத சமூகம் இன்னொன்று சொல்லும். எந்தப் பதிலைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் வாதம் செய்தால் விடிய விடியப் பேசினாலும் முடியாது.

இதைப் புரிந்துகொள்ள ஆஸ்வால்ட் ரூஃபைசனின் கதை போதும். போலந்து யூதர். இரண்டாம் உலகப்போர் சமயத்தில் மீர் என்ற ஊரில், தான் யூதர் என்பதை மறைத்து ஜெர்மன் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்துகொண்டே, அந்த ஊர் யூதர்களை அழிக்கப்போகிற நாளை முன்கூட்டியே சொல்லிப் பலரைக் காட்டுக்குத் தப்பவைத்தார். பிறகு மாட்டிக்கொண்டு, ஓடி, ஒரு கன்னியர் மடத்தில் ஒளிந்திருந்தபோது கத்தோலிக்கர் ஆனார், போருக்குப் பின் கார்மேல் சபைத் துறவியும் ஆனார், பெயர் பிரதர் டேனியல். அவர் இஸ்ரேலுக்கு வந்து, 'நான் இனத்தால் யூதன், மதத்தால் கத்தோலிக்கன், எந்த யூதரும் வந்து குடியேறலாம் என்கிற திரும்பிவரும் உரிமைச் சட்டப்படி எனக்குக் குடியுரிமை கொடுங்கள்' என்று கேட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் முடியாது என்றது. வேடிக்கை என்னவென்றால், ரபிகளின் சட்டப்படி யூதத் தாய்க்குப் பிறந்தவர் பாவம் செய்தாலும் இஸ்ரவேலர்தான், அந்தக் கணக்கில் அவர் யூதர். ஆனால் இது மதச் சட்டம் அல்ல, நாட்டுச் சட்டம், சாதாரண யூதர் ஒருவர் 'யூதர்' என்ற சொல்லை எப்படிப் புரிந்துகொள்வாரோ அப்படித்தான் நாங்களும் புரிந்துகொள்வோம், அந்தப் புரிதலில் கிறிஸ்தவரான ஒருவர் யூதர் இல்லை என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். மதச்சார்பற்ற நீதிமன்றம் ரபிகளைவிடக் கறாராக இருந்தது! அவர் பிறகு மற்ற வெளிநாட்டவர் போல விண்ணப்பித்துத்தான் குடிமகன் ஆனார்.

இவர் கத்தோலிக்கர், மேசியானியர் அல்ல. ஆனால் மேசியானியர்களின் வழக்குகளும் இந்த நிழலில்தான் நடந்தன. 1950இல் வந்த அந்தச் சட்டத்தை 1970இல் திருத்தியபோது, யூதத் தாய்க்குப் பிறந்தவர் அல்லது யூத மதத்தில் சேர்ந்தவர், ஆனால் வேறு மதத்தைச் சேராதவர் என்று வரையறையை எழுதியே வைத்துவிட்டார்கள். நாங்கள் வேறு மதமே இல்லையே என்று மேசியானியர் வாதாடினார்கள். 1989இல் பெரெஸ்ஃபோர்ட் தம்பதி வழக்கில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே 1970 திருத்தம் யூதரின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்கூட உரிமை கொடுத்திருந்தது, யூதராக இருந்து தானாக மதம் மாறியவருக்கு மட்டும் கிடையாது. 2008இல் மேசியானியர் சிலரின் வழக்கு வந்தது, அவர்கள் அப்பா வழியில்தான் யூதர், அம்மா யூதர் இல்லை, எனவே சட்டப்படி அவர்கள் ஒருநாளும் 'யூதராக' இருந்ததே இல்லை, இல்லாத மதத்திலிருந்து எப்படி மாறுவது? அவர்களை விடலாம் என்று ஆனது. ஆக, இயேசுவை நம்புகிறவர்களில் அம்மா யூதர் என்றால் கதவு சாத்தப்படும், அப்பா மட்டும் யூதர் என்றால் திறக்கும். அதனால் 'இஸ்ரேல் மேசியானிய யூதர்களை விடாது' என்று ஒரே வரியில் எழுதுவதும் தவறு, '2008இல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்' என்று கொண்டாடுவதும் தவறு.

நமக்கு இது அவ்வளவு புதிதும் இல்லை. அதே 1950இல் இந்தியாவில் வந்த ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் சட்டம் அவரைப் பட்டியல் சாதியாகப் பார்க்காது, ஆனால் ஊர் அவரை எப்படிப் பார்க்கிறது என்று உங்களுக்கே தெரியும். இரண்டும் ஒன்றல்ல, ஆனாலும் சட்டம் ஒன்று சொல்ல ஊர் இன்னொன்று சொல்வது எப்படி இருக்கும் என்று புரியும்.

பிரசங்கங்களில் அதிகம் கேட்கிற தவறு, 'யூதர்கள் மனக்கடினத்தால் இயேசுவை ஏற்கவில்லை' என்பது. ஒரு சராசரி யூதக் குடும்பத்தின் நினைவில் அந்தப் பெயரோடு சேர்ந்து வருவது சிலுவைப்போர்ப் படுகொலைகளும், ஞானஸ்நானம் எடு அல்லது வெளியே போ என்று 1492இல் ஸ்பெயின் சொன்னதும், எடுத்த பிறகும் விடாமல் துரத்திய விசாரணை மன்றமும். அதனால்தான், கடவுளையே நம்பாத யூதர்கூடத் தன் தம்பி யெஷுவாவை நம்புகிறான் என்றால் குடும்பத்தைக் கைவிட்டுவிட்டான் என்று நினைக்கிறார். இதற்கு மேல் இறையியல் காரணமும் இருக்கிறது, ஒரு மனிதரைக் கடவுளாக வணங்குவதை யூத மதம் ஏற்காது. ஆனால் எல்லா யூதரும் ஒரே குரலில் பேசுகிறார்கள் என்றும் நினைக்க வேண்டாம், 2013இல் பியூ என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்க யூதர்களிடம் கேட்டபோது 34 சதவீதம் பேர், இயேசுவை மேசியா என்று நம்புகிறவரும் யூதராக இருக்கலாம் என்றார்கள்.

யூத சமூகத்தின் சார்பில் பேச மேசியானியர் ஒருவரை மேடையேற்றுவது இன்னொரு தவறு. 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் ஜெப ஆலயத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்ட இரண்டு நாளில், அப்போதைய அமெரிக்கத் துணை ஜனாதிபதி மைக் பென்ஸ் கலந்துகொண்ட மிஷிகன் தேர்தல் கூட்டத்தில் ஒரு மேசியானிய 'ரபி' யெஷுவாவின் பெயரைச் சொல்லி ஜெபித்தார். துக்கத்தில் இருந்தவர்களுக்கு அது புண்ணில் உப்பு. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ், ரிஃபார்ம் என்று எதிலும் ஒத்துப்போகாத யூதப் பிரிவுகள் ஒத்துப்போகிற ஒரு விஷயம், மேசியானிய மார்க்கம் யூத மதம் அல்ல என்பது.

சின்னச் சின்னக் குழப்பங்களும் உண்டு. 'ஜூஸ் ஃபார் ஜீசஸ்' என்பது 1970களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஓர் அமைப்பு, எல்லா மேசியானியருக்குமான பெயர் அல்ல. நியூயார்க்கில் 1994இல் இறந்த ஹபாத் என்ற யூதப் பிரிவின் ரபி ஷ்னீர்சனை மேசியா என்கிறவர்களுக்கு 'மெஷிஹிஸ்ட்' என்று பெயர், அவர்களுக்கும் இயேசுவுக்கும் சம்பந்தமில்லை. அப்புறம், இன்றைய இயக்கம் அப்போஸ்தலர் காலத்திலிருந்து அறுபடாமல் வருகிறது என்று சொல்வதும் சரியல்ல. எருசலேமின் முதல் விசுவாசிகள் யூதர்கள்தான், நியாயப்பிரமாணத்தில் வைராக்கியமாக இருந்தவர்கள் என்று அப்போஸ்தலர் 21 சொல்கிறது. ஆனால் இடையில் பல நூற்றாண்டு வெற்றிடம். இன்றைய வடிவம் 1880களில் கிஷினேவில் (இன்றைய மால்டோவா நாட்டில்) ஜோசப் ரபினோவிச் நடத்திய சபை போன்ற முயற்சிகளில் துளிர்த்து 1970களில் அமெரிக்காவில் வளர்ந்தது.

கடைசியாக நம் சபைகள். தாலித் என்ற யூத ஜெபச் சால்வை போர்த்தி, ஷோஃபார் என்ற கொம்பு எக்காளம் ஊதி, 'யெஷுவா' என்று பாடினால் நாமும் பாதி யூதர் என்று ஒரு நினைப்பு பரவிவருகிறது. யூதரல்லாத புறஜாதியார் யூதராக மாற வேண்டியதில்லை என்று அப்போஸ்தலர் 15இலேயே பேசி முடித்தாயிற்று, ஆனாலும் எக்காளத்தின் கவர்ச்சி விடுவதில்லை. பஸ்கா விருந்தை சபையில் நடத்திக் காட்டும்போது, மேஜையில் வைக்கிற மூன்று அப்பம் திரித்துவத்தைக் காட்டுகிறது என்று விளக்குவார்கள். மேசியானியர்கள் சிலரும் அப்படிச் சொல்வதுண்டு, ஆனால் யூத வீடுகளில் கேட்டால் ஆசாரியர், லேவியர், இஸ்ரவேலர் என்ற விளக்கம்தான் பரவலாகக் கிடைக்கும். இயேசு அந்த இராத்திரி சாப்பிட்டது இன்றைய பஸ்கா விருந்தின் அதே ஒழுங்கில் என்றும் சொல்ல முடியாது, அந்த ஒழுங்கில் பெரும்பகுதி கி.பி. 70இல் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு உருவானது. பஸ்காவைத் தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் சபையில் நாமாக நடித்துக் காட்டுவதைவிட, யூதக் குடும்பம் யாராவது கூப்பிடும்போது போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்கிற விளக்கத்தைக் கேட்டுவிட்டு, நம் விளக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது பைக்குள் வைத்துக்கொள்ளலாம்.