பூர்வீக ஊரின் சாசனத்தைப் பார்க்க வருவோருக்கு

காவிரிப் படுகையில் ஓர் ஊர் தன்னைத் தானே ஆண்டதற்கான பழைய சான்று கோயிற் சுவரிலும், புதிய சான்று நகராட்சிப் பதிவேட்டிலும் கிடைக்கும். பூர்வீக ஊரைப் பார்க்க வருபவர் இரண்டுக்கும் ஒவ்வொரு நாள் ஒதுக்குவது நல்லது.

முதல் நாள் கும்பகோணத்திலிருந்து அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைக் கடந்து காட்டுமன்னார்கோயில் செல்லுங்கள். அங்குள்ள அனந்தீஸ்வரர் கோயிலின் உடையார்குடிக் கல்வெட்டைப் பெரும்பாலோர் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலைக்காகவே தேடி வருகிறார்கள். கொலையாளிகளின் சொத்தையும் அவர்களுடைய சுற்றத்தாரின் சொத்தையும் பறித்து விற்கச் சொல்லும் அரசனின் ஸ்ரீமுகம் (ஆணையோலை), வீரநாராயண சதுர்வேதிமங்கலம் என்ற இவ்வூரின் பெருங்குறிப் பெருமக்களுக்கு, அதாவது ஊர்ச்சபைக்கு வந்தது என்பதே எனக்கு அதைவிடப் பெரிய செய்தி. தன் எல்லைக்குள் எந்த நிலம் யாருடையது என்று அறிந்திருந்த சபை இல்லாமல், அரசனுடைய கோபத்தைக்கூட நிறைவேற்ற முடியவில்லை.

கோயில் நடுப்பகலில் சாத்தியிருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். சாய்வெயிலில்தான் எழுத்தும் தெளியும். கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், முதலில் கிரந்த எழுத்தில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற மங்கலச் சொல் தென்படும். அடுத்து வரும் தமிழில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் சில சொற்களையாவது கூட்டிப் படித்துவிடலாம். சுண்ணக்கட்டியோ எண்ணெயோ பூசிப் படிக்க யாராவது யோசனை சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டுகள் இங்கே இல்லை. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய அவை காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூரில் உள்ளன. பிள்ளைகளுக்கு அதை மக்களாட்சி என்று சொல்லுமுன், 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, பொதுவாகக் கால் வேலிக்கு மேல் இறைநிலம் (வரி கட்டும் நிலம்) உள்ள, 35 முதல் 70 வயதுக்குட்பட்ட ஆண்களின் பெயர்களே குடத்தில் விழுந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாம் நாள் அலுவலகத்துக்கு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் ஆகியவை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1866இல் நகராட்சிகளாயின. தொடக்கத்தில் உறுப்பினர்களை அரசே நியமித்தது. வைசிராய் ரிப்பன் பிரபுவின் 1882 உள்ளாட்சித் தீர்மானத்துக்கும் 1884 சட்டத்துக்கும் பிறகே தேர்தல் பரவலாயிற்று. தஞ்சாவூர் 2014இலும் கும்பகோணம் 2021இலும் மாநகராட்சிகளாகிவிட்டன. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது. அதிலிருந்து 1997இல் திருவாரூரும் 2020இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. ஆகவே, தாத்தாவின் கடிதத்தில் 'தஞ்சை ஜில்லா' என்றிருந்தாலும் இன்றைய மாவட்டத்தையும் வட்டத்தையும் தெரிந்துகொண்டு கிளம்புங்கள்.

பிறப்புச் சான்றிதழ் தேடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: குடும்பம் வாழ்ந்த ஊரில் அன்று, பிறப்பு நிகழ்ந்த ஊரில்தான் பதிவு இருக்கும். நகரமென்றால் நகராட்சியிலோ மாநகராட்சியிலோ, கிராமமென்றால் கிராம நிர்வாக அலுவலரிடமும் தொடங்குங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கமாகையால், மூத்த பிள்ளைக்கு அப்பாவின் ஊரில் தேடி அலையாமல் முதலில் அம்மாச்சியின் ஊரைக் கேட்டறிந்து வாருங்கள்.