கையெழுத்து ஃபாண்ட்: லேபிளிலும் பேனரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாம்பழ சீசன் வந்துவிட்டால் கிருஷ்ணகிரி டிடிபி கடைகளில் ஊறுகாய் லேபிளும் பழக்கடை ஃப்ளெக்ஸும் வரிசைகட்டும். "கையால எழுதின மாதிரி ஃபாண்ட் போடுங்கண்ணா, வீட்டுல செஞ்சதுன்னு தெரியணும்" என்பார்கள். ஆசை நியாயமானதுதான். எந்த வரிக்கு அதைப் போடுவது என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

பாட்டிலில் 'ஆவக்காய்' என்ற பெயர் மட்டும் கையெழுத்தில் இருந்தால் அழகு. சேர்மானம், எடை, காலாவதி தேதி, போன் நம்பர் எல்லாம் நேரான எழுத்தில்தான் இருக்க வேண்டும். 1-ம் 7-ம் ஒரே மாதிரி வளைந்தால் ஆர்டர் வேறு யாருக்கோ போகும்.

தமிழில் பெரிய தொல்லை புள்ளி. சின்ன சைஸில் மை பரவினால் 'ஊறுகாய்' 'ஊறுகாய' ஆகிவிடும். சில ஃபாண்டுகளில் துணைக்காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசமே தெரியாது. 'காரம்' என்று எழுதிப் பார்த்தால் உடனே பிடிபடும். 'ழ'வின் சுழி அடைத்துக்கொள்கிறதா என்றும் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஓகே சொல்லாமல், லேபிள் அளவிலேயே ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, கண்ணாடி போடும் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள்.

கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கவிவாணர் என்ற கையெழுத்து ஃபாண்டை எடுத்துக்கொள்வோம். தாரிக் அஸீஸ் வடிவமைத்தது. பிறவியிலேயே சாய்ந்த எழுத்து, ரெகுலர் என்ற சாதாரண தடிமன் ஒன்றுதான் உண்டு. அதற்கு இட்டாலிக் கொடுத்தால் கவிழ்ந்துவிடும். போல்டு கொடுத்தால் மென்பொருள் ஓரத்தைத் தடிமனாக்கிச் சுழிகளை மூடிவிடும். தடிமன் வேண்டுமென்றால் தடிமனாகவே வரைந்த ஃபாண்டுக்குப் போங்கள்.

தேசிய நெடுஞ்சாலை 44-ல் வேகமாகப் போகிறவருக்கு உங்கள் பேனர் கண்ணில் படுவது சில நொடிதான். 'மாம்பழம்' என்பதை பலூ தம்பி ஃபாண்ட் போன்ற குண்டு எழுத்தில் போட்டு, 'எங்க தோட்டத்துப் பழம்' என்பதை மட்டும் கையெழுத்தில் விடலாம்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்கு இந்த வகை வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இடம் உண்டு. 1994-ல் வின்சென்ட் கானேர் காமிக் சான்ஸ் என்ற ஆங்கிலக் கையெழுத்து ஃபாண்டை உருவாக்கியது கார்ட்டூன் நாய் பேசும் வசனத்துக்காக. அதை நோட்டீஸ் போர்டு வரை இழுத்து வந்தது நாம்தான்.

பாமினி போன்ற பழைய ஃபாண்டுகள் எழுத்துகளைக் குறிக்கும் முறை வேறு, இன்றைய போனிலும் கணினியிலும் பொதுவாக இருக்கும் யூனிகோடு முறை வேறு. அதனால் பாமினியில் வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோடு வரியை ஒட்டினால் எழுத்து வராது. அவசரத்தில் திரும்ப அடிக்கும்போதுதான் பிழை புகும். கன்வெர்ட்டர் மென்பொருள் மூலம் மாற்றுங்கள், இல்லையேல் யூனிகோடு ஃபாண்டையே எடுங்கள்.

ஓசூர் பக்கம் தெலுங்கும் கன்னடமும் சேர்த்துக் கேட்பவர்கள் உண்டு. கவிவாணரில் அந்த எழுத்துகள் கிடையாது. மென்பொருள் ஏதோ ஒன்றை இட்டு நிரப்பும். இன்னொன்று, 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று கொடுத்த ஃபாண்டை விற்பனை லேபிளில் போட உரிமை இல்லை. கவிவாணர், விற்பனைப் பொருளிலும் பயன்படுத்த அனுமதிக்கும் திறந்த உரிமத்தில் வருவதால் அந்தத் தலைவலி கிடையாது.