கியர் பொக்ஸை இறக்க முன்

கியர் விழவில்லை, வண்டி இழுக்கவில்லை என்று கராஜுக்குக் கொண்டுபோனால் பாதிப் பேர் சொல்வது, "பொக்ஸை இறக்கித்தான் பார்க்க வேணும்". உடனே தலையாட்டாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025 வரை புதுக் கார் வராமல் இருந்த இலங்கையில் இருபது, முப்பது வயதுக் கொரோலாவும் நிசான் சனியும் லான்சரும்தான் இன்னும் நம்மைச் சுமக்கின்றன. அவற்றின் பொக்ஸைத் தேவையில்லாமல் ஒருதரம் பிரித்தால் கூலியும் போகும், நல்லாயிருந்த சீலும் போகும். கீழே சொல்வதெல்லாம் பொக்ஸ் வண்டியிலேயே இருக்கும்போது பார்க்கக்கூடியவை.

முதலில் ஓட்டோ கியர். டிப்ஸ்டிக்கைக் காலையில் குளிர்ந்த வண்டியில் இழுத்துப் பார்த்துவிட்டு ஒயில் குறைவு என்று ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர். திருகோணமலையிலிருந்து நிலாவெளி வரை ஒரு ஓட்டம் போய் வாருங்கள், பொக்ஸ் நன்றாகச் சூடாகட்டும். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொரு கியரிலும் இரண்டு மூன்று வினாடி விட்டுத் திரும்பப் பி-க்கு வந்த பிறகுதான் டிப்ஸ்டிக்கை இழுக்க வேண்டும்; ஒருமுறை துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, ஹொட் என்ற கோடுகளுக்குள் நிற்கிறதா என்று பாருங்கள். இது டொயோட்டா முறை. ஹொண்டாவில் என்ஜினை நிறுத்தி ஒரு நிமிடம் அளவில் பார்க்க வேண்டும், மிட்சுபிஷியில் கியர் என்-இல் இருக்க வேண்டும். நூல் பிரியாத துணியால் துடையுங்கள்.

ஒரு சொட்டை வெள்ளை டிஷூவில் விடுங்கள். தெளிந்த சிவப்பு என்றால் கவலையில்லை. பழுப்பென்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் உள்ளே கிளச் பிளேட் எரிந்திருக்கிறது. பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது: ஒன்றில் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் ஓட்டை, அல்லது வெள்ளம். கார்த்திகை, மார்கழி மழையில் தெருவில் நிற்கும் தண்ணீருக்குள் சூடான பொக்ஸை இறக்கினால் அது சட்டென்று குளிர்ந்து மூச்சுக்குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். இந்த நிறத்தைக் கண்டால் வண்டியை ஓட்டாதீர்கள், கட்டி இழுத்துப் போவதும் வேண்டாம், லொறியில் ஏற்றுங்கள்.

ஒயில் மாற்றுவது வீட்டிலேயே செய்யலாம். எந்த ஒயில் என்பது அநேகமாக டிப்ஸ்டிக்கிலேயே அடித்திருக்கும். தொண்ணூறுகளின் கொரோலாக்களுக்கு டெக்ஸ்ரன், பிந்தியவற்றுக்கு டைப் டி-4. சிவிடி (பெல்ட்டில் ஓடும் ஓட்டோ பொக்ஸ்) ஒயிலை இவற்றில் ஊற்றவே கூடாது. முற்றத்து மணலில் ஜக் புதையும், அடியில் பலகை வையுங்கள், ஸ்டாண்ட் இல்லாமல் கீழே படுக்காதீர்கள். அடியில் உள்ள வடிக்கும் திருகைக் கழற்றினால் மூன்று லீட்டர் அளவுதான் வரும், மிச்சம் பெரும்பாலும் கொன்வேர்ட்டருக்குள் (என்ஜினையும் பொக்ஸையும் ஒயிலால் இணைப்பது) நிற்கும். வந்ததை அளந்து அதே அளவு புதிதாக ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓடிவிட்டு இன்னொருமுறை மாற்றுங்கள். பல வருடம் மாற்றாமல் கறுத்துப்போன பொக்ஸை மெஷின் வைத்து முழுதாகக் கழுவ நான் சம்மதிக்க மாட்டேன்.

அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே காந்தங்கள் இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது வழமையான தேய்மானம். விரலில் குத்தும் மினுங்கல் துண்டுகள் இருந்தால்தான் பொக்ஸை இறக்கும் பேச்சு. வடிகட்டியையும் கேஸ்கட்டையும் மாற்றி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சின்ன ரெச்சட்டால், மணிக்கட்டு பலத்தில் மட்டும் இறுக்குங்கள். மேலே இருப்பது அலுமினியம், புரி போனால் பெரிய தொல்லை. உப்பங்காற்று அடிக்கும் ஊர் என்பதால் தட்டையும் கூலர் பைப்பையும் துருவுக்குப் பார்ப்பது முக்கியம்.

கியர் பிந்தி விழுகிறதா, உதறுகிறதா? பழைய டொயோட்டாவில் த்ரொட்டிலிலிருந்து பொக்ஸுக்கு ஒரு கேபிள் போகும். ஆளொருவரை எக்சலேட்டரை முழுதாக மிதிக்கச் சொல்லி (என்ஜின் நின்றிருக்க) கேபிளின் ரப்பர் முனைக்கும் ஸ்டொப்பருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா பாருங்கள். டாஷ்போர்டில் ஓ/டி ஓப் (ஓவர்டிரைவ் நிறுத்தம்) லைட் மின்னினால் அது பேசுகிறது: சாவியை ஒன் பண்ணி, ஓ/டி சுவிட்சும் ஒன்னில் இருக்க, பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு வயரால் இணைத்து மின்னலை எண்ணுங்கள். 42 (நாலு தரம் மின்னி, சற்று நின்று, இரண்டு தரம்), 61 ஸ்பீட் சென்சர். 62, 63 ஷிப்ட் சொலினொயிட், அதாவது கியரை மாற்றும் மின்வால்வு. சொலினொயிட்டைத் தட்டைக் கழற்றியே மாற்றலாம். வழுக்குகிறதா என்று சோதிக்க உவர்மலை ஏற்றம் போதும், கோணேசர் கோயில் பாதையும் சரி, ஆனால் அது போகும் கோட்டைக்குள் மான் குறுக்கே வரும், மெதுவாகப் போங்கள்.

நிலாவெளி மணலில் சில்லு புதைந்தால் டி-யும் ஆர்-உம் மாற்றி மாற்றி உறுமாதீர்கள். ஒரு சில்லு மட்டும் சுற்றினால் இரண்டு சில்லுக்கும் பலத்தைப் பிரிக்கும் டிபரன்ஷல் தேயும், ஒயிலும் வேகும். இறங்கித் தோண்டுங்கள்.

கை கியர் வண்டிகளில் நிற்கும்போது ரிவர்ஸ் கரகரவென்று விழுந்தால் குற்றம் பெரும்பாலும் கிளச் முழுதாக விடாததுதான்: கேபிள் தளர்ந்திருக்கும், அல்லது கிளச் சிலிண்டர் ஒழுகியிருக்கும். பெடலுக்குக் கீழே தரைவிரிப்பு ஈரமா என்று கை வைத்துப் பாருங்கள். நியூட்ரலில் இரைச்சல் கேட்டு, கிளச்சை மிதித்தால் நின்றால் உள்ளே இன்புட் பேரிங். மிதிக்கும்போது மட்டும் கேட்டால் ரிலீஸ் பேரிங். ஒயில் மாற்றும்போது முதலில் ஊற்றும் திருகைக் கழற்றுங்கள், அது இறுகிப்போயிருந்தால் வடித்த பிறகு ஊற்ற வழியிருக்காது. ஓட்டையின் கீழ்விளிம்பு வரை 75டபிள்யூ-90, ஜிஎல்-4 என்று போட்ட கியர் ஒயில். ஜிஎல்-5 எல்லாம் ஒன்றுதான் என்று கடையில் சொல்வார்கள். கியர் சத்தமில்லாமல் விழ உதவும் பித்தளை சின்க்ரோ வளையங்களை ஜிஎல்-5 அரிக்கலாம்.

இத்தனையும் பார்த்தும் பொக்ஸ் போனதுதான் என்றால், கொழும்பு பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் பொக்ஸ் எடுப்பது பலருக்கும் மலிவு. வண்டியின் விவரத்தகட்டில் அடித்திருக்கும் மொடல் இலக்கம் ஒத்துப்போக வேண்டும், ஒயிலை முகர்ந்து பாருங்கள். பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்: கொன்வேர்ட்டர் பம்பின் பல்லில் முழுதாக உட்காராமல் போல்ட்டால் இழுத்து இறுக்கினால் பம்ப் உடையும், கையால் சுழற்றித் தள்ளி உள்ளே இறங்கிவிட்டதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டே இருங்கள். பொக்ஸ் கீழே கிடக்கும்போதே என்ஜினின் பின்சீலையும் மாற்றச் சொல்லுங்கள்.