நாகர்கோவிலில் இருந்தே பேச்சிப்பாறை வீட்டுக்கு சர்வீஸ்

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ஹோம் ஆட்டோமேஷன் போட்டுக் கொடுத்தவர்கள், ஒரு லைட் எரியவில்லை என்பதற்கெல்லாம் நாகர்கோவிலில் இருந்து வண்டி எடுக்க வேண்டாம். அந்த வீட்டு ரவுட்டரில் ஒரு பழைய மினி பிசியை லேன் வயரில் மாட்டி, டெயில்ஸ்கேல் (தூரத்தில் உள்ள கம்ப்யூட்டர்களை இணையம் வழியே ஒரே தனி நெட்வொர்க்கில் சேர்க்கும் மென்பொருள்) போட்டுவிடுங்கள். போர்ட் ஃபார்வர்டிங், அதாவது வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் வழி திறப்பது, வேண்டாம். பல இணைப்புகளில் தனி பப்ளிக் ஐபி (இணையத்தில் இருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரி) கிடைக்காது. கிடைத்தாலும், தூரத்தில் இருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவைப்பது திருடன் கையில் சாவி கொடுக்கிற வேலை.

பெரிய தலைவலி கரண்ட்தான். ஐப்பசி இடிமழையில் போய் வந்தால் கம்ப்யூட்டர் அணைந்தே கிடக்கும். மின்சாரம் திரும்பியதும் தானாக ஆன் ஆகும்படி பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ்) மாற்றுங்கள், ஸ்லீப்பை நிறுத்துங்கள். விண்டோஸ் என்றால், யாரும் லாகின் செய்யாமலே டெயில்ஸ்கேல் ஓடும் வசதியையும் தேர்வு செய்யுங்கள். டெயில்ஸ்கேலில் கீ எக்ஸ்பைரியை (அனுமதி காலாவதியாகும் அமைப்பை) அணைக்காவிட்டால் 180 நாளில் தொடர்பு அறுந்துவிடும்.

அப்புறம், வீட்டுக்காரரிடம் சொல்லாமல் உள்ளே நுழையாதீர்கள். அவர்கள் வீட்டுக் கேமராவும் அதே நெட்வொர்க்கில்தான் இருக்கும்.